நாற்பதுக்குள் ஓட்டவும்

உங்கள் ஜீப்பின் பின்பக்க இடது டயரில் காற்று குறைவாக இருக்கிறது. ஸ்டேஷனுக்குள் வரும்போது கவனித்தேன். அதைச் சரிசெய்தாலே மைலேஜ் கொஞ்சம் கூடும். வாக்குமூலத்தைத் தமிழிலேயே எழுதலாம், மொழிபெயர்க்க ஆள் இருக்கிறார் என்று சொன்னீர்கள். நன்றி. தாத்தா காலத்திலிருந்து செகந்திராபாத்தில்தான் இருக்கிறோம் என்றாலும் நான் யோசிப்பது தமிழில்தான்.

பெயர் ஜெயச்சந்திரன். சனத்நகரில் சின்ன ஷெட் வைத்து, வண்டிகளுக்கு ஹைட்ரஜன் கிட் பொருத்திக் கொடுக்கிறேன். ஒரு ஜாடித் தண்ணீர், உள்ளே எஃகுத் தகடுகள், பேட்டரியிலிருந்து இரண்டு ஒயர். மின்சாரம் தண்ணீரைப் பிரிக்கும், வருகிற வாயு குழாய் வழியாக என்ஜினுக்குப் போகும், பெட்ரோல் மிச்சமாகும். நானும் இதை நம்பினேன். முதல் பத்து கிட்டுகளை ஒழுங்காகத்தான் செய்தேன். மைலேஜ் துளியும் கூடவில்லை. அந்த மின்சாரத்தை உண்டாக்கவே என்ஜின் கூடுதலாகப் பெட்ரோல் குடித்தது.

பதினொன்றாவது ஆள் டாக்சி ஓட்டும் ராகவேந்திரா. ஒரு மாதம் கழித்து இனிப்புப் பெட்டியோடு வந்து நின்றார்.

"அண்ணா, லிட்டருக்குப் பதினாலு இருந்துச்சு, இப்போ பதினெட்டு. ஜாடி இல்ல அண்ணா, அது சாமி."

பானட்டைத் திறந்தேன். ஒயரை மாட்டவே மறந்திருந்தேன். சத்தம் போடாமல் மூடிவிட்டு லட்டு சாப்பிட்டேன்.

இரண்டு நாள் யோசித்தபிறகு புரிந்தது. கிட்டோடு நான் கொடுக்கும் தாளில் சில விதிகள் உண்டு. டயரில் காற்று சரியாக இருக்க வேண்டும், திடீர் பிரேக் கூடாது, நாற்பதைத் தாண்டக் கூடாது. ராகவேந்திரா அதைப் பக்தியோடு கடைப்பிடித்திருக்கிறார். வேலை செய்தது ஜாடியல்ல, அவருடைய வலது கால்.

அன்றிலிருந்து தகடு வாங்குவதை விட்டுவிட்டேன். மீன்தொட்டிக்கு வைக்கிற குட்டி மோட்டார் ஒன்றை ஜாடிக்குள் இறக்கினேன். குமிழி அழகாக வரும். தண்ணீரில் கொஞ்சம் பச்சைச் சாயம் கலந்ததும் வாடிக்கையாளர்களுக்கு அதன்மேல் மரியாதை கூடியது. ஹைட்ரஜன் ஆபத்தான வாயு. வெறும் தண்ணீரால் யாருக்கும் ஒன்றும் ஆகாது. பாதுகாப்பில் எனக்கு எப்போதும் கவனம் உண்டு.

ஆனால் ஜனங்கள் விதியை மறந்துவிடுகிறார்கள். மூன்றாவது வாரமே எழுபதில் பறந்துவிட்டு, மைலேஜ் வரவில்லை என்று வந்து நிற்பார்கள். அதனால் தாளில் ஒரு வரி சேர்த்தேன்: நாற்பதைத் தாண்டினால் வாயு அழுத்தம் கூடி ஜாடி வெடிக்கும். சிவப்பு எழுத்தில், மூன்று மொழிகளில். அப்புறம் ஒரு புகார்கூட இல்லை. இந்த ஊரில் இருநூறு வண்டிகள் என்னால் சாதுவாக ஓடுகின்றன. அபராதம் போட்டு உங்களால் முடிந்ததா?

ஆனந்தகுமார் அல்வாலில் ஒரு சின்ன நர்சிங் ஹோமின் ஆம்புலன்ஸை ஓட்டுகிறான். ஜனவரியில் வண்டியோடு வந்தான்.

"ஓனர் கிட் போடச் சொல்றாரு அண்ணா. ஆம்புலன்ஸுக்கு இது நக்கோதானே?"

"கைக்கு நக்கோ? ஏன் வேண்டாங்கிற? காலியா திரும்பி வர்றப்ப மிச்சம்தானே."

"பேஷன்ட் இருந்தா?"

"நம்ம ஊரு டிராஃபிக்ல நாப்பது போனாலே பெரிசு தம்பி."

தலையாட்டினான். பொருத்தினேன்.

வரதராஜன் சாரும் அல்வால்தான். ராணுவ ஆராய்ச்சிக்கூடம் ஒன்றிலிருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய காருக்கும் கிட் போட்டிருந்தேன். போன மாதம் ஒரு வியாழக்கிழமை ஜாடியைக் கையில் தூக்கிக்கொண்டு ஷெட்டுக்கு வந்தார்.

"ஜெயச்சந்திரன், மூடியைப் பிளேடால அறுத்துட்டேன். உள்ள மீன்தொட்டி மோட்டார் இருக்கு."

"மைலேஜ் கூடிச்சா இல்லையா சார்?"

"கூடிச்சு. அதுதான் எரிச்சலா இருக்கு."

எங்கள் இரண்டு பேருக்குமே சிரிப்பு வந்துவிட்டது. நல்ல மனிதர். டீ வாங்கிக் கொடுத்தேன். பாதி குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார்.

"விளையாட்டு போதும். வெடிக்கும்னு பயமுறுத்தி ஆம்புலன்ஸுக்கும் போட்டிருக்கீங்களாமே. அதை முதல்ல கழட்டுங்க. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் காலனி மீட்டிங். இந்த ஜாடியை எல்லார் முன்னாலயும் வைக்கப் போறேன்."

"கழட்டிடறேன் சார்," என்றேன்.

வெள்ளிக்கிழமை வேறு வேலை இருந்தது. சனிக்கிழமையும் இருந்தது.

ஞாயிறு காலை ஒன்பதேகாலுக்கு ஆனந்தகுமார் போன் செய்தான். பின்னால் சைரன் கேட்டது.

"அண்ணா, ஹார்ட் அட்டாக் கேஸ். அவரைப் பார்க்கிற டாக்டர் குகட்பள்ளியில இருக்காரு, அங்கதான் கொண்டு போறேன். ரோடு காலியா இருக்கு. அழுத்தினா ஜாடி வெடிக்குமா? பின்னால ஆக்சிஜன் சிலிண்டர் வேற இருக்கு."

"யாருப்பா உள்ள?"

"வரதராஜன் சார் அண்ணா. அவரு சம்சாரம் கனகம் அம்மாவும் கூட இருக்காங்க."

அந்த அழைப்பு மொத்தம் நாற்பத்திரண்டு நொடி. அதில் ஒன்பது நொடி நான் பேசவில்லை என்று நீங்கள் எண்ணிச் சொன்னீர்கள். இருக்கலாம். 'உள்ளே இருப்பது வெறும் தண்ணீர், மிதித்துப் போ' என்று சொல்ல மூன்று நொடி போதும். அதுவும் எனக்குத் தெரியும்.

"நாப்பதுலயே போ தம்பி," என்றேன். "சிலிண்டர் இருக்குல்ல, ரிஸ்க் நக்கோ."

"ஹவ் அண்ணா, சரி."

சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை. பாலாநகர் பக்கம் எதிரே ஒரு வண்டிகூட இல்லையாம். அப்போதும் முப்பத்தெட்டிலேயே போயிருக்கிறான். கனகம் அம்மா பின்னாலிருந்து கண்ணாடியைத் தட்டிக்கொண்டே வந்தார்களாம். பத்து நிமிடம் முன்னால் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று டாக்டர் சொன்னாராம். டாக்டர்கள் வழக்கமாகச் சொல்வதுதானே அது.

மாலையில் காலனி மீட்டிங் நடக்கவில்லை. அதே நாற்காலிகளில் எல்லோரும் இரண்டு நிமிடம் மௌனமாக எழுந்து நின்றார்கள். நானும் நின்றேன். காரியங்கள் முடியும்வரை அந்த வீட்டுக்குத் தண்ணீர் கேன், ஐஸ் பெட்டி எல்லாம் நான்தான் ஏற்பாடு செய்தேன். மேசைமேல் இருந்த ஜாடியை எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டபோது கனகம் அம்மா முகத்தைக்கூட நிமிர்த்தவில்லை. "எடுத்துக்கோங்க" என்றார்கள்.

ஆனந்தகுமாரை மூன்று நாளாக இங்கே உட்கார வைத்திருக்கிறீர்கள். அவனை விட்டுவிடுங்கள். தாளில் இருந்ததையும் நான் சொன்னதையும் செய்தான், அவ்வளவுதான். அவனுடைய போனில் எல்லா அழைப்பும் தானாகப் பதிவாகும் என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் இன்னும் கொஞ்சம் அன்பாகப் பேசியிருப்பேன்.

வண்டிக்குள் யார் என்று முதலில் எதற்குக் கேட்டாய் என்று காலையிலிருந்து நான்கு தடவை கேட்டுவிட்டீர்கள். ஒருவர் உயிருக்குப் போராடும்போது அது யார் என்று விசாரிப்பது சாதாரண அக்கறை. வேறு யாராக இருந்திருந்தாலும் மிதித்துப் போ என்றுதான் சொல்லியிருப்பேன். என்னை ஈவு இரக்கமில்லாதவன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.