நஜ்லாவுக்கு இல்லாத அக்கா

இரவு எட்டு மணி இருக்கும். பெய்ரூத்திலிருந்து நம் பக்கம் இறங்கும் மலைச்சாலை... உச்சியில், ராணுவச் சாவடியைத் தாண்டிய வளைவு. ஜனவரி மூடுபனி. காரின் விளக்கைப் போட்டால் வெளிச்சம் திரும்பி வந்து நம் கண்ணிலேயே அடிக்குமே, அந்த மாதிரி. அங்கே ஒரு பெண் காரை ஓரங்கட்டி நிறுத்திவிட்டு, கையில் ஒரு துணியோடு இறங்கினாள்...

இருங்கள். அவள் யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஜெனரேட்டர்காரன் எப்போது கரண்ட் விடுவான் என்று அவனுக்கே தெரியாது. கதவைச் சாத்திவிட்டு அடுப்புப் பக்கம் தள்ளி உட்காருங்கள். அடுப்பு மேல் உருளைக்கிழங்கு கருகினால் கருகட்டும்.

அவள் பெயர் நஜ்லா. நம் நஸீபின் சித்தப்பா மகன், ஷ்தூராவில் டயர் கடை வைத்திருக்கும் அஃபீஃப், அவனுக்கு இரண்டாம் தாரம். நஸீப் இன்று வரவில்லை. வந்திருந்தால் இதை எடுத்திருக்க மாட்டேன். எனக்கு இதைச் சொன்னது மதாம் ஜாக்லின். ஆமாம், டிவியில் செத்தவர்களோடு பேசினாளே, அவளேதான். இப்போது என் தங்கை குடியிருக்கும் கட்டடத்தில் மேல்மாடியில் இருக்கிறாள். வலது காதில் எப்போதும் பஞ்சு; அதையும் மீறி ஒரு குரல் இதையே சொல்லிக்கொண்டிருக்கிறதாம்.

"அந்தப் புளுகி சொன்னத நம்பி எங்கள பயமுறுத்த வந்துட்டியா?" என்கிறான் எதிரே உட்கார்ந்திருக்கும் ரஃபூல்.

நம்ப வேண்டாம். அவளே ஒத்துக்கொள்கிறாள், அத்தனை வருஷமும் புளுகுதான் என்று. போன் எடுக்கும் பெண் முதலில் இதமாகப் பேச்சுக் கொடுத்து எல்லாவற்றையும் கறந்துவிடுவாள். கறந்தது ஜாக்லினின் காதுக்கருவிக்கு வந்துவிடும். ஒரே ஓர் இரவு மட்டும் அப்படி இல்லை என்கிறாள். அந்த இரவைத்தான் சொல்லப் போகிறேன். எடை போடுவது உங்கள் பாடு.

அஃபீஃப் நல்லவன். குரலை உயர்த்த மாட்டான், கை நீட்ட மாட்டான். ஒரே ஒரு கோளாறு, வியாழக்கிழமை. அன்றுதான் ஜாக்லினின் நிகழ்ச்சி, மூணு நாலு மணி நேரம் நேரலையாக ஓடும். அன்று சாயங்காலம் கடையை அடைத்துவிட்டு, குளித்து, சட்டை மாற்றி, பெண் பார்க்கப் போகிறவன் மாதிரி டிவி முன்னால் உட்கார்ந்துவிடுவான். டிவிக்கு மேலே சுவரில் முதல் மனைவி இல்ஹாமின் படம். அவள் நோயில் போய்ச் சேர்ந்து சில வருஷம் ஆகியிருந்தது. ஜாக்லின் எப்போதாவது அவளைக் கூப்பிடுவாள் என்று காத்துக்கிடந்தான்.

ஒரு வியாழன் அவனுக்கு லைன் கிடைத்துவிட்டது. ஜாக்லின் கண்ணை மூடிக்கொண்டாள். "இல்ஹாம் வந்திருக்கா... சிரிக்கறா. வீட்டுல ஏதோ இடம் மாறியிருக்காம். அது அவளுக்குப் பிடிக்கலையாம்." அவ்வளவுதான். அஃபீஃப் தேம்பித் தேம்பி அழுதான். மறுநாள் காலை, நஜ்லா தன் கைக்கு வாகாக மாற்றி வைத்திருந்த சட்டி, டப்பா, காபிப் பாத்திரம் எல்லாம் பழைய இடத்துக்கே திரும்பிப் போயின.

"எந்த வீட்டுல எதுவுமே இடம் மாறாம இருக்கு? எங்கம்மாவுக்குப் போன் பண்ணி இதச் சொன்னா அவங்களும்தான் அழுவாங்க," என்றாள் நஜ்லா.

"உனக்கு அவளத் தெரியாது," என்றான் அவன்.

உயிரோடு இருக்கிற ஒருத்தி என்றால் நாலு பேர் முன்னால் நிறுத்தி நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்கலாம். செத்தவளை என்ன செய்வது? அவளுக்கு இடுப்பு பெருக்காது. அவள் வைத்த குழம்பு அடிப்பிடிக்காது. அவள் காலையில் எழுந்து சிடுசிடுவென்று விழ மாட்டாள். நஜ்லாவுக்கு வயிறு எரிந்தது. ஒருநாள் பாதித் தூக்கத்தில் அவன், "இல்ஹாம், ஜன்னலச் சாத்து," என்றான். எழுந்து போய்ச் சாத்தினாள். அதற்குப் பிறகு அவளுக்குத் தூக்கம் வரவில்லை. அவள் ஆசைப்பட்டது ஒன்றும் பெரிதில்லை. அந்தப் படம் சுவரைவிட்டு இறங்க வேண்டும். அவன் அவள் முகத்தைப் பார்த்து, நீ சொன்னதுதான் சரி என்று ஒரு தடவை சொல்ல வேண்டும்.

அதற்கு ஒரே வழி, ஜாக்லின் பொய் என்று காட்டுவது. அடுத்த வியாழன், அடுக்களையில் கதவைச் சாத்திக்கொண்டு நஜ்லாவே போன் போட்டாள்.

"யாரோட பேசணும், மதாம்?" என்றாள் போன் எடுத்த பெண்.

"என் அக்கா. ஸமர்."

நஜ்லாவுடன் பிறந்தவர்கள் எல்லாம் ஆண்கள். அக்காவும் கிடையாது, தங்கையும் கிடையாது. ஸமர் என்ற பெயர் அந்த நிமிஷம் வாயில் வந்தது.

"பாக்க எப்படி இருப்பாங்க?"

"அச்சு அசலா என்னை மாதிரியே. பக்கத்துல நின்னா யாரு யாருன்னு தெரியாது."

"அவங்களுக்குன்னு பிடிச்சது ஏதாவது?"

நஜ்லாவுக்குத் தலைவலியே கொண்டுவந்துவிடும் ஒரு வாசனை உண்டு. அதையே சொன்னாள். "காபில ஆரஞ்சுப்பூப் பன்னீர் விட்டுக் குடிப்பா."

"குணம் எப்படி, மதாம்?"

"பொறாமைக்காரி. என் சட்டை, என் சீப்பு, என் செருப்பு... எங்கிட்ட எது இருந்தாலும் அது அவளுக்கு வேணும். மலைச்சாலைல மூடுபனில மாட்டிக்கிட்டா. திரும்பி வரல."

பொறாமைக்காரி எப்படி இருப்பாள் என்று அவள் யாரிடமும் போய்க் கேட்க வேண்டியிருக்கவில்லை. தன்னிடம் இருந்ததை அப்படியே எடுத்துக் கொடுத்துவிட்டாள். கொஞ்ச நேரத்தில் ஜாக்லினின் குரல் போனில் வந்தது. "ஸமர் வந்துட்டா, கண்ணு... பன்னீர் வாசம் அடிக்குது. இன்னும் அந்த மூடுபனிலதான் நிக்கறாளாம். வீட்டுக்கு வரணுமாம்."

நஜ்லா போனை வைத்துவிட்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே போய் அஃபீஃபிடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

"நீ பொய் சொன்னா அந்தம்மா என்ன பண்ணுவாங்க?" என்றான் அவன். "நான் இல்ஹாமப் பத்தி ஒரு வார்த்த சொல்லல. அவங்களாத்தான் சொன்னாங்க."

ஒரு வார்த்தை சொல்லவில்லையாம். அன்று கையிலிருந்த காபி ஆறிச் சில்லிடும்வரை அந்தப் போன் பெண்ணிடம் அழுது அழுது பேசியவன் இவன்தான். கொடுத்ததை மறந்துவிட்டு, வந்ததை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டான். நாமும் அப்படித்தான்.

சரி, ஊர் பார்க்கவே கேட்டுவிடுவோம் என்று நஜ்லா முடிவு செய்தாள். அடுத்த வியாழன் பழுப்பு நிற ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு, காரை எடுத்தாள். "நீ டிவியப் பாத்துக்கிட்டே இரு, போதும்," என்று அவனிடம் சொல்லிவிட்டுப் பெய்ரூத்துக்குப் போய், பார்வையாளர்களோடு உட்கார்ந்தாள். மைக் கைக்கு வந்ததும் எழுந்தாள்.

"எனக்கு அக்காவே கிடையாது, மதாம். ஸமர்னு ஒருத்தி பிறக்கவே இல்ல. போன்ல இருந்த பொண்ணுகிட்ட நான் சொன்னத நீங்க எனக்கே திருப்பிச் சொன்னீங்க."

அரங்கத்தில் மேலே விளக்குகள் ரீங்கரிப்பது கேட்டது. ஜாக்லின் அசரவில்லை. நஜ்லாவின் தோளுக்கு மேலே, பின்னால் எங்கோ பார்த்தாள். "அப்படின்னா... உன் பின்னால நிக்கறது யாரு?"

எல்லாரும் மூச்சை இழுத்தார்கள். பிறகு கைதட்டினார்கள். "அங்க ஒருத்தரும் இல்ல, வாய்க்கு வந்தத அடிச்சு விட்டேன்," என்று ஜாக்லின் என்னிடம் சொன்னாள். "பிழைப்பு அப்படி." விளம்பரம் போட்டதும் நஜ்லா வெளியே வந்துவிட்டாள். மனசு குளிர்ந்திருந்தது. நாடே பார்த்தது, அஃபீஃப் பார்த்திருப்பான். இனி அந்தப் படம் சுவரில் தங்காது என்று நினைத்துக்கொண்டே மலை ஏறினாள்.

சாவடியில் ஒரு பையன் சிப்பாய். டார்ச்சை அவள் முகத்தில் அடிக்கவில்லை, பின்சீட்டில் அடித்தான். "பின்னாடி இருக்கறவங்களக் கண்ணாடிய ஏத்திக்கச் சொல்லுங்க, மதாம். நடுங்கறாங்க." சொல்லிவிட்டுக் கையைக் காட்டி அனுப்பிவிட்டான்.

நஜ்லா திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் பிடரியில் ஈரக்காற்று பட்டுக்கொண்டே இருந்தது... வைப்பர் கிரீச், கிரீச் என்று தேய்த்தும் முன்கண்ணாடி தெளியவில்லை. உள்ளே ஏதோ வாசனை. இனிப்பாக, தலையைப் பிடிக்கிற வாசனை. மூச்சு முட்டியது. வளைவில் ஓரங்கட்டி, கண்ணாடியைத் துடைக்கத் துணியை எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

டப்.

கதவு. பின்கதவு இல்லை, ஓட்டுகிறவர் பக்கத்துக் கதவு. என்ஜின் உறுமியது. இன்டிகேட்டர் விளக்கு மினுக் மினுக்கென்று எரிய, அவளுடைய கார் ஒழுங்காகச் சாலையில் ஏறி, இறக்கத்தில் போயிற்று. பின்விளக்கு இரண்டும் பனிக்குள் கரைந்தன. அவள் கையில் துணி மட்டும் இருந்தது.

நடந்தாள். வந்த கார்களுக்குக் கை காட்டினாள்... ஒன்றுகூட வேகத்தைக் குறைக்கவில்லை. ஒரு லாரி உரசுகிற மாதிரி போனது. அந்தக் காற்றில் அவள் சுற்றியிருந்த கழுத்துத்துண்டின் நுனிகூட அசையவில்லை. கால் வலிக்கவில்லை, குளிரவும் இல்லை. எவ்வளவு நேரம் நடந்தாள் என்று அவளுக்கே தெரியாது. வீட்டு வாசலில் கார் நின்றது. என்ஜின் ஆறும் டிக்... டிக்... சத்தம் இன்னும் அடங்கவில்லை.

கதவைத் தட்டினாள். சத்தம் வரவில்லை. ஓங்கித் தட்டினாள். வரவில்லை. ஜன்னல் பக்கம் போனாள்.

உள்ளே அடுப்பு எரிந்தது. டிவியில் ஜாக்லினின் நிகழ்ச்சி இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அஃபீஃப் ஒரு நாற்காலி மேல் ஏறி, இல்ஹாமின் படத்தைச் சுவரிலிருந்து கழற்றிக்கொண்டிருந்தான். அடுக்களையிலிருந்து காபித் தட்டோடு ஒருத்தி வந்தாள். பழுப்பு நிற ஸ்வெட்டர். நஜ்லாவின் முடி, நஜ்லாவின் நடை.

"நீ சொன்னதுதான் சரி, நஜ்லா," என்றான் அவளிடம். "நான்தான் முட்டாளா இருந்துட்டேன்." அந்தக் குரலில் அவன் நஜ்லாவிடம் ஒருநாளும் பேசியதில்லை. இறங்கி வந்து காபியை ஒரு வாய் குடித்தான். "என்ன போட்ட? புது வாசமா இருக்கு."

"பிடிக்கலையா?"

"நல்லாத்தான் இருக்கு. முன்னயே போட்டிருக்கலாம்."

இல்ஹாம் மேல் பட்ட பொறாமையெல்லாம் பொறாமையே இல்லை என்று அப்போதுதான் நஜ்லாவுக்குப் புரிந்தது. அவள் கேட்டது ஒன்று விடாமல் அந்த அறையில் கிடைத்துக்கொண்டிருந்தது, அவள் பெயராலேயே. அதை அவள் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்க வேண்டியிருந்தது. நெஞ்சு வெடிக்கக் கத்தினாள். அஃபீஃப் திரும்பவில்லை.

டிவியில் ஜாக்லின் பேச்சை நிறுத்தினாள்.

வலது காதில் கையை வைத்தாள். கருவியைப் பிடுங்கி மேஜை மேல் போட்டாள். பிறகும் கையை எடுக்கவில்லை. முகம் வெளுத்துவிட்டது. "யாரோ... ஒரு பொண்ணு கத்தறா. நஜ்லாவாம். அவ வீட்டு ஜன்னலுக்கு வெளிய நிக்கறாளாம்... அஃபீஃப், அஃபீஃப்னு கூப்பிடறா. உள்ள இருக்கறது நான் இல்லங்கறா."

அஃபீஃப் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "கேட்டியா? நீ செத்துட்டியாம். மானத்த வாங்கிட்டன்னு உன்னையே ஆவியாக்கிட்டா. இவளையா இத்தன நாள் நம்பினேன்?" டிவியை அணைத்தான். "எதுக்கும் பாத்துடு, ஜன்னல்ல யாராவது நிக்கறாங்களான்னு."

அவள் கோப்பையை வைத்துவிட்டு எழுந்து வந்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் முகம், இந்தப் பக்கம் நஜ்லாவின் முகம். இரண்டு பேரும் மூச்சு படும் நெருக்கத்தில் நின்றார்கள். கண்ணாடியில் ஒரு பக்கம்தான் ஆவி படிந்தது... உள்பக்கம்.

"யாரு?" என்றான் அஃபீஃப்.

அவள் நஜ்லாவையே பார்த்துக்கொண்டு திரைச்சீலையை இழுத்தாள்.

"யாரும் இல்ல. எனக்குத்தான் தங்கச்சியே கிடையாதே."