அத்தாயி மொறை

ரொம்ப நாளைக்கு முந்திங்க. ஊருக்குள்ள கரண்டுக் கம்பமே வராத காலம். ஈச்சவலசுன்னு ஒரு ஊரு. அங்க அத்தாயின்னு ஒரு மருத்துவச்சி. ஊர்ல பாதிப்பேரு அவ கையில பொறந்தவங்கதானாம். அம்பது வயசுல ரெண்டு கண்ணுலயும் புரை விழுந்துருச்சு. பொறந்தது ஆணா பொண்ணான்னு தடவிப் பாத்துத்தான் சொல்லுவாளாம்.

அப்பத்தான் பள்ளிக்கூடத்துல கண்ணு முகாம் போட்டாங்க. தலை நரைச்ச பெரிய டாக்டர் ஒருத்தரு வந்தாரு. கூடவே, படிப்பு முடிச்ச கையோட கமலவேணின்னு ஒரு டாக்டரம்மா. ஆளுக்கொரு மேசை. சனமெல்லாம் பெரியவர் மேசைக்கே போய் நின்னுச்சு. அந்தம்மா மேசைக்கு ஒரு ஈ காக்கா இல்லை.

அத்தாயி கோலை ஊனிக்கிட்டு அங்க போனா.

"ஏங்கண்ணு, இதுவரைக்கும் எத்தனை கண்ணு பண்ணியிருக்கறே?"

அந்தம்மா பொய் சொல்லலை. "நாலுங்கம்மா."

"பெரியவரு?"

"அவரு ஆயிரக்கணக்குலங்க. அவர் கையில கெடறது அபூர்வம். புதுக் கையில கெடறது அதிகந்தாங்க. நீங்க அந்த வரிசைக்கே போங்கம்மா."

அத்தாயிக்குத் தன்னோட மொத நாளுக நெனப்பு வந்துச்சாம். அவ மொதல்ல பாத்த ரெண்டு பிரசவத்துலயும் குழந்தை தங்கலை. அதுக்கப்புறமும் மூணாவதா ஒருத்தி நம்பி அவகிட்ட வந்தா.

"அன்னிக்கு மூணாவதா அந்தப் பொம்பளை வரலைன்னா நான் மருத்துவச்சியே இல்லை. நீ எங்கண்ணைப் பாரு"ன்னுட்டா.

வலது கண்ணு. பெரியவரும் பக்கத்துல வந்து நின்னாரு. என்ன ஆச்சோ, கண்ணுக்குள்ள இருந்த கூழு வெளிய பிதுங்கிருச்சு. பெரியவர் கத்தியை வாங்கிப் பாத்தாரு. முடியலை. அந்தக் கண்ணு போச்சுங்க. போயே போச்சு.

கமலவேணி கட்டிலண்டை உக்காந்து தேம்பித் தேம்பி அழுதாளாம். அத்தாயி தடவித் தடவி அவ கையைப் புடிச்சா.

"அழுவாத கண்ணு. இன்னொண்ணு இருக்குது. அது உனக்குத்தான். கத்துக்கிட்டு வா."

அடுத்த வருசம் பெரியவர் மட்டும் வந்தாரு. "இந்தக் கண்ணை நானே பண்ணித் தர்றேன், வாங்கம்மா"ன்னாரு. அத்தாயி மவன் அவ காலைப் புடிக்காத கொறையாக் கெஞ்சினான். அத்தாயி அசையலை.

"அந்தப் புள்ளை எப்படி இருக்குது?"

"கத்தியையே தொட மாட்டேன்னுதுங்கம்மா. நீங்க காத்திருக்கறீங்கன்னு சொல்லித்தான் தொட வெச்சேன்."

"அப்பச் சரி. காத்திருக்கறேன்னே சொல்லுங்க."

மூணாம் வருசம் கமலவேணி வந்தா.

"நானூறு ஆச்சுங்கம்மா. இருந்தாலும் பயமாத்தான் இருக்குது."

"இருக்கட்டும். பயமில்லாத கை எனக்கு வேண்டாம்."

இடது கண்ணைப் பண்ணிக்கிட்டு அஞ்சு நாள் தலையை ஆட்டாமப் படுத்திருந்தா அத்தாயி. ஆறாம் நாள் காலையில கமலவேணியே கண்ணுக் கட்டை அவுத்து, சோடாப்புட்டி மாதிரி ஒரு கண்ணாடியை மாட்டி விட்டா. அத்தாயி கண்ணைச் சிமிட்டிச் சிமிட்டி அவ முகத்தைப் பாத்தாளாம். அப்புறம் அவ கன்னத்தை ரெண்டு கையாலயும் ஏந்திக்கிட்டு, "அட, இத்தனூண்டு முகமா உனக்கு! இதை வெச்சுக்கிட்டா ரெண்டு வருசம் அழுதே?"ன்னாளாம்.

அன்னையிலிருந்து ஈச்சவலசுல கண்ணு முகாம்னா, மொத ஆளா உள்ளூர்க்காரங்க ஒருத்தரு புது டாக்டர் மேசையிலதான் போய்ப் படுப்பாங்க. கைதேர்ந்த டாக்டர் ஒருத்தரு பக்கத்துல நிக்கணும். கமலவேணியம்மா தலை நரைக்கற வரைக்கும் அப்படித்தான் வந்து நின்னாங்களாம். அதுக்குத்தான் அத்தாயி மொறைன்னு பேரு. யாரையும் கட்டாயப்படுத்தறதில்லைங்க. போன மாசி மாசங்கூட அந்த மொறை எனக்கு உனக்குன்னு மூணு பேரு போட்டி போட்டாங்க.