கோரஸில் ஒரு குரல்

பட்டர்வொர்த்திலிருந்து ஜார்ஜ்டவுன் போகும் ஃபெரியில் எனக்கு முன்னால் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். மூத்தவருக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். கைப்பேசியில் ஒரு பாட்டைப் போட்டு, இயர்போனைப் பக்கத்திலிருந்தவரிடம் கொடுத்தார்.

“இப்ப ஒரு குரல் மட்டும் லேட்டா வரும் பாரு. அது நான்தான்.”

“நீங்க பாடுனதா சொல்வீங்களே, அந்தச் சாமி பாட்டு கேசட்டாக்கா?”

“அதேதான். கோரஸ்ல ஏழு பேரு. கேசட்டுல போட்டா எல்லாம் ஒரே இரைச்சலாதான் கேக்கும். இப்ப பழைய டேப்பைச் சுத்தம் பண்ணித் திரும்ப விட்டிருக்காங்க. ஒவ்வொரு குரலும் தனியா கேக்குதுலா.”

இளையவர் கண்ணை மூடிக் கேட்டார். இன்னொரு தடவை போடச் சொல்லிக் கேட்டார்.

“ஆமாக்கா, நீங்கதான். ஒன்னு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. இத்தனை வருஷமா நீங்க கதை விடுறீங்கன்னுதான் நெனச்சேன்.”

மூத்தவர் கோபப்படவில்லை.

“வீட்டுலயும் யாரும் நம்பல. கடைசில எனக்கே சந்தேகம் வந்துருச்சு. நல்லவேளை, அன்னிக்குத் தப்பா பாடுனேன். சரியா பாடியிருந்தா, இப்பவும் என்னை என்னாலயே கண்டுபிடிச்சிருக்க முடியாது.”