கொரின் தரையில் இருந்த வாரங்கள்

மொஹாவிப் பாலைவனத்தில் குடியிருப்பவனுக்குக் காற்று ஒன்றுதான் தொல்லை. மற்றபடி நான் நிம்மதியான மனிதன், ஐயா.

நாங்கள் செய்வது விண்வெளியின் விளிம்பைத் தொட்டுவிட்டுத் திரும்பும் விமானம். பெரிய விமானம் ஒன்று அதை உயரே கொண்டுபோய் விடும். அங்கிருந்து மேலே தள்ளுவது எங்கள் எஞ்சின். உள்ளே கெட்டி ரப்பர் எரியும்; அதை எரிய வைப்பது சிரிப்பூட்டும் வாயு. வாயுவின் வால்வை மூடினால் நெருப்பு அணைந்துவிடும். பயணிகளிடம் சொல்லத் தோதான விஷயம்.

விமானி என் மனைவி கொரின். அந்த வேலைக்கு நானும்தான் மனுப்போட்டேன். காது சரியில்லை என்றார்கள். வருத்தமில்லை. எஞ்சினைக் கவனிக்கும் வேலை கிடைத்தது.

எஞ்சின் அளவுக்குமேல் அதிர்ந்தால் வால்வு தானாக மூடிக்கொள்ளும். அந்த அளவைக் கொஞ்சம் குறைத்து வைத்தேன், அவ்வளவுதான். விளிம்பை எட்டுமுன் எஞ்சின் நின்றுவிடும். கொரின் மிதந்து இறங்கி, சாப்பாட்டு நேரத்துக்கு வீட்டுக்கு வந்துவிடுவாள்.

"என்னய்யா உன் எஞ்சின், பாதி வழியில படுத்துக்குது?" என்பாள்.

"ரப்பர் சரியா இறுகல போல," என்பேன்.

ரப்பரை வார்த்தவன் லயல். தங்கமானவன். "ஒரு குமிழிகூட இல்ல மெர்ல், அறுத்தே பார்த்துட்டேன்," என்று கண்கலங்கினான்.

"உன்மேல எனக்குச் சந்தேகமே இல்லப்பா," என்றேன். அது உண்மை. அவனை நீக்கிவிட்டார்கள். இப்போது பேக்கர்ஸ்ஃபீல்டில் டயர் விற்கிறான். அதுவும் ரப்பர்தானே.

அடுத்த முறை எஞ்சின் கொஞ்சம் முந்திக்கொண்டது. விமானம் மூக்கைத் தூக்கும் வேளையில் அது நின்றுவிட, விமானம் சுழன்றுகொண்டே விழுந்தது. கொரின் கெட்டிக்காரி. தரைக்குச் சற்று மேலே நிமிர்த்தி, மணலில் இறக்கிவிட்டாள். அவள் முதுகெலும்பில்தான் விரிசல்.

அந்த வாரங்களைப்போல நாங்கள் சந்தோஷமாக இருந்ததே இல்லை. தலைவாரிவிட்டேன், சூப் ஊட்டினேன்.

"நீ இல்லேன்னா என் கதி என்ன ஆயிருக்கும், மெர்ல்?" என்றாள்.

நானும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆமாம், ஒவ்வொரு முறையும் அந்த அளவை மாற்றியவன் நான்தான். எழுதிக்கொள்ளுங்கள். அவள் உயிருக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாதே என்றுதான் செய்தேன்.

இப்போது நியூ மெக்சிகோவில் வேறொரு நிறுவனம் அவளைக் கூப்பிட்டிருக்கிறது. குளிர்காலம் முடிந்ததும் பறக்கலாம் என்று டாக்டரும் சொல்லிவிட்டார். அங்கே என்ன எஞ்சின் வைத்திருக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியுமா, ஐயா?