இருபது மணி நேரம்

அக்கா: அந்த வேலைச் சீட்டைப் போர்டுல புதனுக்கு ஒட்டாதே! அது வியாழக்கிழமைக்கு.

அரைநாள்: வியாழக்கிழமைதான்க்கா பிரச்சனையே.

அக்கா: என்னடா பிரச்சனை? முழு நாளும் வரேன்னு நேத்துதானே சொன்ன?

அரைநாள்: சொன்னேன்... சாயங்காலம் வீட்டுக்காரிக்கு ஆஸ்பத்திரியில ஷிஃப்ட்டை மாத்திட்டாங்க. குழந்தையை நான்தான் பாத்துக்கணும்.

அக்கா: போச்சுடா! டிசைனருக்கு வேற கம்பெனி வேலை, புதன் வரமாட்டாரு. டெஸ்டருக்குப் பரீட்சை, காலையில வரமாட்டா. இப்ப நீ! உங்க மூணு பேரையும் ஒண்ணாப் பாக்கணும்னா போட்டோ எடுத்துத்தான் மாட்டணும்.

அரைநாள்: போட்டோ எடுக்கவும் டிசைனர் வரமாட்டாருக்கா.

அக்கா: சிரிக்காதே. இந்த டீம்ல முழுநேர ஆள் நான் ஒருத்திதான், நீங்கல்லாம் அரைநாள். டிக்கெட் பதிவு பண்ற வெப்சைட் பக்கம் நாம சொல்ற தேதியில ஓடணும். இந்தத் தடவையும் தேதி தவறினா டீமையே கலைச்சிடுவேன்னு மேனேஜர் சொல்லிட்டாரு. உங்களோட சேர்த்து நானும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

அரைநாள்: தெரியும்க்கா... மேனேஜருக்குத் தேதி இன்னும் சொல்லலையே?

அக்கா: நீ முதல்ல உக்காரு. குறுக்கும் நெடுக்கும் நடந்து என் தலையைச் சுத்த வைக்காதே.

அரைநாள்: நீங்க மட்டும்? ஒரே சீட்டை நாலு தடவை பிச்சுப் பிச்சு ஒட்டுறீங்க.

அக்கா: சரி, வியாழன் வேலையைச் சனிக்குத் தள்ளுறேன். நாள்தானே மாறுது? வாரத்துக்கு இருபது மணி நேரம் அப்படியே இருக்கில்ல?

அரைநாள்: இருபது...

அக்கா: என்ன இழுக்கிற?

அரைநாள்: போர்டுல எனக்கு எவ்வளவு போட்டிருக்கீங்க?

அக்கா: இருபதுதான். நீ சொன்னது.

அரைநாள்: சொன்னதையேவா?

அக்கா: பின்ன? மென்னு முழுங்காம சொல்லித் தொலை.

அரைநாள்: திட்டக் கூடாது...

அக்கா: திட்டல, சொல்லுடா!

அரைநாள்: நாங்க சொல்ற மணியை நீங்க எப்பவும் பாதியா வெட்டித்தானே பிளான் போடுவீங்க?

அக்கா: யாரு சொன்னா?

அரைநாள்: டெஸ்டர். உங்க கம்ப்யூட்டர்ல கணக்கைப் பாத்திருக்கா.

அக்கா: அடிப்பாவி! சரி, வெட்டுவேன். நீங்க நாலு சொன்னா ரெண்டுதான் நடக்கும், அதான்.

அரைநாள்: தப்புன்னு சொல்லலக்கா. ஆனா பத்துன்னா அஞ்சாக்கிடுவீங்க. அஞ்சு மணி நேரத்துக்கு இவன் எதுக்குன்னு நிறுத்திட்டா? அதான்... பத்தை இருபதுன்னு சொன்னேன்.

அக்கா: உனக்குப் பத்துதானா?

அரைநாள்: எனக்கு மட்டும் இல்ல. மூணு பேருமே இந்தத் தடவை பேசி வச்சு ரெட்டிப்பாத்தான் சொன்னோம். நீங்க வெட்டினா சரியா வந்துடும்னு... அக்கா? ஏன் உக்காந்துட்டீங்க? இப்பவும் ஒண்ணும் கெட்டுப் போகல. போர்டுல எல்லாத்தையும் பாதியாக்கிட்டு, நிதானமா ஒரு தேதி சொல்லுங்க.

அக்கா: எந்தத் தேதியைடா சொல்றது? போன கூட்டத்துல 'எங்களைக் கொஞ்சமாவது நம்புங்கக்கா'ன்னு நீதானே கெஞ்சின? ராத்திரியெல்லாம் மனசே கேக்கல. ஒரு மணி நேரம் கூட வெட்டாம அப்படியே கூட்டி, காலையில மேனேஜருக்குத் தேதியை அனுப்பிட்டேன்.