‘விட்டுடு’ என்று யாரும் சொல்லவில்லை

“‘விட்டுடு’ன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்றியாம்மா?”

என் தோழி மார்லாவின் சித்தப்பா வெர்ன் என்னிடம் கேட்டது இது. காலையில் ரொட்டி கொடுக்கப் போயிருந்தேன். அவர் கூடத்துச் சுவருக்குத் தோள் கொடுத்து நின்றிருந்தார். ஆட்கள் முன்னால் எனக்குப் பேச வாய் வராது. அன்றும் வரவில்லை. நின்றபடியே அவர் சொன்னதுதான் இது... அடுப்பில் ஒரு கட்டை போட்டுவிட்டுக் கிட்ட வாருங்கள்.

முந்தின இரவு, நள்ளிரவு தாண்டிய நேரம். மர ஆலையில் வேலை முடித்து, ஏரிக்கரைச் சாலையில் தனியாக வந்திருக்கிறார். உருளைக்கிழங்கு வயலெல்லாம் பனி. காற்று வண்டியைப் பக்கவாட்டில் தள்ளியது. கண் சொக்கியது.

வீட்டில் மனைவி இல்லை, ஆஸ்பத்திரியில் இரவு வேலை. சின்ன மகள் ஐவி மட்டும் உள்ளறையில் தூங்கினாள். கூடத்தில் ஈரக் கம்பளி வாசனை. பைன் மரப்பிசின் வாசனை. சுவருக்குள்ளிருந்து சத்தம்... ஹ்ஹ... ஹ்ஹ... சுமை தூக்குகிறவன் வாயால் மூச்சு விடுவதுபோல.

அந்தச் சுவரை, முன்பு வீடு கட்டியபோது, வெர்னும் அவர் மனைவியின் அண்ணன் டெல்பர்ட்டும் எழுப்பினார்கள். உங்களுக்கே தெரியும், மரச்சட்டங்களைத் தரையில் வைத்து அடித்து, சுவராகத் தூக்கி நிறுத்துவோம். ஒருவர் பிடிக்க, மற்றவர் சாய்வாக முட்டுப் பலகை அடிப்பார். அடிக்கிறவர் ‘விட்டுடு’ என்று சொல்லும்வரை பிடிக்கிறவர் கையெடுக்கக் கூடாது. அன்று பாதியில் ஆணி தீர்ந்துவிட்டது.

“பிடிச்சுக்கோ மச்சான், இதோ வந்துடறேன்.”

“எனக்கும் காபி வாங்கிட்டு வா. வழியில நீயே குடிச்சிடாதே.”

டவுனில் வெர்ன் பேச்சில் உட்கார்ந்துவிட்டார். காபி குடித்தார். ஆப்பிள் பை பலகாரம் தின்றார். பனி கொட்ட ஆரம்பித்தது. திரும்பி வந்தபோது டெல்பர்ட் தோள் கொடுத்து நின்றபடியே விறைத்துச் செத்திருந்தான்... இமையில் விழுந்த பனி உருகவில்லை.

அவனை எடுத்த பிறகும் சுவர் இம்மியும் சாயவில்லை. இவ்வளவு நேராக நிற்பதற்கு எதற்கு என்று, உள்ளே நிரந்தரமாக வைக்க வேண்டிய சாய்வுச் சட்டத்தை வைக்காமலே வெர்ன் பலகையால் மூடிவிட்டார்.

இப்போது அந்த மூச்சு தடுமாறியது. நின்றது. சுவர் ஒரு விரல்கடை சாய்ந்தது. கூரை உத்திரம் ஐவியின் அறைப்பக்கம் முனகியது. வெர்ன் ஓடிப்போய்த் தோள் கொடுத்தார்.

“போதும் டெல்பர்ட். நீ விட்டுடு. நான் பிடிச்சுக்கறேன்.”

மொத்த வீடும் அவர் தோளில் இறங்கியது. பின்னால் ஈர பூட்ஸ் நடக்கும் சத்தம்... வாசல் கதவு திறந்து குளிர் உள்ளே வந்தது.

“மச்சான், ஒரு பலகைய எடுத்து அடிச்சிடு. அடிச்சிட்டு என்னையும் விடச் சொல்லிடு.”

டெல்பர்ட் வாசலில் நின்று திரும்பிப் பார்த்தான். தோளைத் தேய்த்துக்கொண்டான். இமையில் அந்தப் பனி அப்படியே இருந்தது. பிறகு பலகையைத் தொடாமலே டவுன் பக்கம் நடந்து போய்விட்டான்.