ஒரு பிடி ஈயம்

ரயில் பொம்மைகள் மீது எனக்குத் தனிப் பிரியம் எதுவும் கிடையாது. வாழ்நாள் முழுவதும் ஃபைட்டிங்கர் ஆலையில் பொம்மை எஞ்சின் வார்த்தவள் நான். ஆனால் வீட்டில் ஒரு தண்டவாளத் துண்டுகூட இல்லை. எனக்குப் பிடித்தது துத்தநாகம். உருகிக் கிடக்கும்போது பாலில் படிவது போல அதன்மேல் மெல்லிய ஆடை படியும். அதைக் கரண்டியால் ஒதுக்கிவிட்டு உள்ளே பார்த்தால் மனம் அடங்கிவிடும்.

நீங்கள் விசாரிக்க வந்தது ஈயத்தைப் பற்றி. அதற்கு வருகிறேன்.

முதல் தடவை கம்பெனி திவாலானபோது எங்கள் ரெம்ஸ் பள்ளத்தாக்கே துக்க வீடு மாதிரி இருந்தது. பிள்ளைகள் பொம்மையை விட்டுக் கைபேசித் திரைக்குப் போய்விட்டார்கள். எஞ்சின் வாங்குகிறவர்கள் நரைத்த ஆண்கள் மட்டும்தான். தொழிலாளர் குழுத் தலைவன் நேகெலே என்னோடு சேர்ந்து வேலை பழகியவன். கேன்டீன் நாற்காலி மேல் ஏறி நின்று, கிறிஸ்துமஸ் போனஸை விட்டுக்கொடுக்கும்படியும் சனிக்கிழமைகளில் கூலியில்லாமல் வரும்படியும் கேட்டான். ஒப்புக்கொண்டோம். சனிக்கிழமைகளில்தான் நான் முதியோர் இல்லத்தில் அம்மாவைப் பார்த்துவிட்டு வருவேன். அந்தக் குளிர்காலத்தில் அவள் இறந்துபோனாள். அதற்காக நான் யாரையும் குறை சொல்லவில்லை.

கம்பெனி பிழைத்தது. புது முதலாளிகள் வந்தார்கள். நேகெலே என்னை அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினான்.

“வார்ப்பு வேலை ஹங்கேரிக்குப் போகுது, ரொஸ்வி. கையெழுத்துப் போட்டுட்டேன். போடலைன்னா மொத்தப் பேரும் தெருவுலதான்.”

“அப்ப நான்?”

“நீதான் அவங்களுக்குச் சொல்லிக் குடுக்கணும். உன்னை விட்டா யாரு இருக்கா?”

அதைப் பாராட்டாகத்தான் சொன்னான். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

ஹங்கேரியிலிருந்து வேலை பழக வந்தவள் எனிக்கோ. அதுவரை ஒரு செருப்பு ஆலையில் இருந்தவள். என் வீட்டு மாடியறையில் தங்கினாள். நான் சமைத்த பருப்பிலும் மாவுத்துண்டிலும் தன் பையிலிருந்து மிளகாய்ப்பொடியை எடுத்துக் கொட்டுவாள். “இதுல காரம் எங்கக்கா? இதைச் சாப்பிட்டா ஆஸ்பத்திரியில படுத்திருக்கிற மாதிரியே இருக்கு” என்பாள். நான் சிரிப்பேன். எனக்கு அவளைப் பிடித்திருந்தது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

சூடு, அச்சுக்கு எண்ணெய், வார்ப்பை எடுக்க வேண்டிய கணம் எல்லாவற்றையும் சரியாகவே சொல்லிக்கொடுத்தேன். உலோகம் ஊற்றும் வழியில் உறைந்து எஞ்சும் காம்புகளை அன்றைக்கே மறுபடி உருக்கலாம். வேறு எதுவும் உருக்கும் பானைக்குள் போகக் கூடாது, ஈயம் போகவே கூடாது. ஈயம் கலந்த வார்ப்பு பளபளவென்றுதான் இருக்கும், சோதனையில் தேறிவிடும். சில வருடம் கழித்து உள்ளிருந்து வீங்கி, வெடித்து, பிஸ்கட் மாதிரி உதிரும். எங்கள் தொழிலில் அதற்குத் துத்தநாகக் கொள்ளைநோய் என்று பெயர். ஈயத்தைக் காட்டிக்கொடுக்கும் கருவி ஒன்று இருந்தது. திவால் சமயத்தில் அதை விற்றுவிட்டார்கள்.

எனிக்கோ ஊர் திரும்பும் முன் ஒரு பெட்டியை அவளிடம் கொடுத்தேன். பழைய எஞ்சின்களுக்குள் கனத்துக்காக வைத்திருந்த ஈயக்கட்டிகளைச் சிறுசிறு துண்டாக நறுக்கியிருந்தேன்.

“ஈயம் கூடாதுன்னு சொன்னது எல்லாருக்கும் சொல்றது. இது கம்பெனியை ஆரம்பிச்ச பெரிய ஃபைட்டிங்கர் காலத்து ரகசியம். நம்ம எஞ்சின் கையில கனமா நிக்கிறதே இதாலதான். ஒரு பானைக்கு ஒரு பிடி. அதுக்கு மேல போனா எல்லாம் கெட்டுரும். யார்கிட்டயும் வாயத் திறக்காதே.”

ஒரு பிடிக்கு மேல் போகக் கூடாது என்ற எச்சரிக்கையை யோசித்துத்தான் சேர்த்தேன்.

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. இதுவரை யாரும் தன்னை நம்பி ஒரு ரகசியம் சொன்னதில்லை என்றாள். என் இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தாள். பெட்டி காலியாகப் போகிறது என்று அவள் சொன்னபோதெல்லாம் இன்னொன்று அனுப்பிவைத்தேன்.

கம்பெனியின் ஆண்டு விழாவுக்காக வெளியிட்ட எஞ்சின் அவள் வார்த்ததுதான். வந்த வேகத்தில் விற்றுத் தீர்ந்தது. சில குளிர்காலம் கழித்து ஊர் ஊராகக் கண்ணாடி அலமாரிகளில் அவை வெடிக்கத் தொடங்கின. சக்கரங்கள் கோணிக்கொண்டன; சேகரிப்பாளர்கள் தூளைக் கைக்குட்டையில் கட்டிக்கொண்டு கடைக்கு வந்தார்கள். கம்பெனி இரண்டாம் முறை விழுந்தது. ஹங்கேரி ஆலையின் பானையில் ஈயம் கண்டுபிடித்து, அந்த ஆலையை மூடினார்கள். வார்ப்பு வேலை எங்களிடம் திரும்பிவரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. பெயரை மட்டும் யாரோ விலைக்கு வாங்கிப் போனார்கள். கம்பெனி எனக்குச் செய்த இரண்டாவது துரோகம் அது.

போன வசந்தத்தில் எனிக்கோ பஸ் பிடித்து வந்தாள். அவள் ஊரில் யாரும் அவளுக்கு வேலை கொடுப்பதில்லை. கூட வேலை பார்த்த பெண்கள் அவளைக் கண்டால் தெருவின் மறுபக்கம் போய்விடுகிறார்கள். புருஷனும் கிளம்பிவிட்டான். அத்தனை விசாரணையிலும் என் பெயரை அவள் சொல்லவே இல்லை. ஏதோ தவறுதலாக விழுந்திருக்கும், பொறுப்பு தன்னுடையது என்று மட்டும் சொல்லியிருக்கிறாள்.

நீங்கள் உட்கார்ந்திருக்கும் இதே நாற்காலியில் உட்கார்ந்து, மேஜைமேல் கையை விரித்தாள்.

“என் கை பெருசுக்கா. நீங்க உங்க கைக்குத்தான் ஒரு பிடின்னு சொன்னீங்க. நான் என் கையால அள்ளிட்டேன். அது எனக்குத் தோணவே இல்ல.”

என் உள்ளங்கையை அவள் கைமேல் வைத்துப் பார்த்தேன்.

“ஆமாடி, பெருசுதான்” என்றேன்.

அவள் வெகுநேரம் அழுதாள். மன்னிப்புக் கேட்டாள். அவள் தலையைத் தடவிக்கொடுத்தேன்.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். ஈயத்தைக் கொடுத்தது நான். தெரிந்தே கொடுத்தேன். கம்பெனி அழிய வேண்டும் என்றுதான் கொடுத்தேன். ஆனால் எனிக்கோவை மட்டும் இனி யாரும் தொந்தரவு செய்ய வேண்டாம். அவளை நான் அன்றைக்கே மனதார மன்னித்துவிட்டேன்.